யூ-டர்னில் 'டக் டக்' சத்தம்!

கேள்வி: வேளச்சேரியில் தேங்கிய மழைநீரில் கார் ஓட்டியதிலிருந்து சில வாரங்களாக, யூ-டர்ன் எடுத்தால் முன்சக்கரத்தில் 'டக் டக்' சத்தம். ஸ்டீயரிங் பாக்ஸ் போய்விட்டதா?

பதில்: அதற்குள் ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்ற விடாதீர்கள். காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். வேகம் கூடக்கூட 'டக் டக்'கும் அடுத்தடுத்து வேகமாக வந்தால், பெரும்பாலும் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட்தான் (இன்ஜின் சக்தியைத் திரும்பும் சக்கரத்துக்குக் கடத்தும் இணைப்பு). டயருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்: ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான 'பூட்' கிழிந்து, ரிம்மின் உட்புறம் கறுப்பாக கிரீஸ் தெறித்திருக்கும். கிழிசலில் சேற்றுநீர் புகுந்தால் உள்ளிருக்கும் குண்டுகள் அரிபடும். சத்தம் வருமுன் கவனித்தால் பூட், கிரீஸ், கிளிப் செலவோடு முடியும். வந்தபின் ஜாயின்டையே மாற்ற வேண்டும். வெறும் கிரீஸ் அடைப்பது வீண்செலவு. வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'டொங்' என்கிறதா? அப்படியானால் முன்பக்க ஷாக் அப்சார்பரின் மேல்முனையில் இருக்கும் ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங்கைப் பாருங்கள்.