வானத்து ஒளியும் வீரர்களின் குறிப்பேடும்

அன்புள்ள ஐயா,

வானில் தெரியும் மர்ம ஒளிகள் பெரும்பாலும் கிரகம், விமானம், செயற்கைக்கோள் என்று எழுதியிருந்தீர்கள். என் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார். லடாக்கில் வீரர்கள் நூற்றுக்கணக்கான முறை பார்த்துப் பதிவு செய்ததை அவர்தான் சொன்னார். எல்லையில் கண்விழித்து நிற்பவர்களுக்கு வெள்ளி எது, வேவு விமானம் எது என்று கூடவா தெரியாது? போன மாதம் எங்கள் மொட்டைமாடியிலிருந்து வரிசையாகப் போன விளக்குகளை நானே பார்த்தேன். அதையும் இல்லை என்பீர்களா?

க., பெரியகுளம்

அன்புள்ள க.,

இல்லை என்று சொல்லவே மாட்டேன். அண்ணன் சொன்னதும் உண்மைதான். 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை, பாங்காங் ஏரிப் பகுதியில் நம் வீரர்கள் 329 முறை அந்த ஒளிகளைப் பதிவு செய்தார்கள். 155 முறை அவை எல்லை தாண்டியதாகவும் குறித்தார்கள். சீனாவின் ஆளில்லா விமானங்களோ என்று சந்தேகம். ராணுவம் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் உதவி கேட்டது. நம் காவலூர் வானாய்வகத்தை நடத்துபவர்களும் அவர்கள்தான். ஆராய்ந்து பார்த்ததில் ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி என்று தெரிந்தது.

இதை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? நட்சத்திரங்கள் தினமும் சுமார் நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கும். ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம். வியாழனும் ஏறக்குறைய அப்படித்தான். அந்தக் குளிர்காலத்தில் அது ரோகிணிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த வருடப் பஞ்சாங்கத்திலும் குரு ரிஷபத்தில்தான். வேவு விமானம் ரோகிணியோடு சேர்ந்து உதித்து, சேர்ந்து மறையாது. நேரத்தையும் திசையையும் வரிசையாக எழுதி வைத்திருந்தால் போதும், பிடித்துவிடலாம்.

சரி, வீரர்கள் ஏன் ஏமாந்தார்கள்? பாங்காங் ஏறத்தாழ 14,000 அடி உயரம். காற்று மெலிந்தது, தூசியில்லை, சுற்றிலும் இருட்டு. ஊரில் பார்த்த வெள்ளி அங்கே வேறு மாதிரி எரியும். இருட்டில் தனியாக நிற்கும் ஒளியையே பார்த்துக்கொண்டிருந்தால் அது நகர்வதுபோலத் தோன்றும். கண்ணின் இயல்பு அது. நான் மாடியில் படுத்துக்கொண்டு வெள்ளியையே பார்த்திருக்கிறேன். ஐந்தாறு நிமிடத்தில் அது பக்கத்து வீட்டுப் பக்கம் மெல்ல நழுவியது. எழுந்து போய், ஒரு கண்ணை மூடி, தண்ணீர்த் தொட்டியின் விளிம்போடு சேர்த்துப் பார்த்தேன். ஒட்டினாற்போல் அங்கேயே நின்றது. எனக்கு எதிரே எல்லையும் இல்லை, பயமும் இல்லை. அவர்களுக்கு இரண்டும் இருந்தன.

அந்த வீரர்கள்மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்தது. உறையும் குளிரில் 329 முறை எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பதிவு இருந்ததால்தான் வானியலாளர்களைக் கூப்பிட்டுக் கேட்கவே முடிந்தது. பேய், ஆவி, பறக்கும் தட்டு என்று எனக்கு வரும் கடிதங்களில் பத்தில் ஒன்றில்கூட நேரம் இருப்பதில்லை.

நீங்கள் பார்த்த வரிசை விளக்குகள், இணைய வசதிக்காக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் அனுப்பும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களாக இருக்கலாம். 2019 மே மாதம் முதன்முதலில் 60 செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் ஏற்றி அனுப்பினார்கள். ஏவிய சில நாட்களுக்கு அவை ரயில்பெட்டிகள்போல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் அல்லது விடிவதற்கு முன்னால் நன்றாகத் தெரியும். ஆனால் உங்கள் கடிதத்தில் தேதி இல்லை. எந்த நாள், மணி எத்தனை, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது, எவ்வளவு நேரம் தெரிந்தது? எழுதி அனுப்புங்கள். அன்றைக்கு அந்த வழியாக எது போனது என்று தேடிப் பார்த்து எழுதுகிறேன்.