மகள் படிப்பது உயிரியலா, கணினியா?

வணக்கம் அம்மா. உயிரியல் படிக்கப் போன மகள் இரவெல்லாம் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிக்கொண்டிருக்கிறாள், இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அவளுடைய இறுதியாண்டுத் திட்டக் குறிப்பையும் படித்தேன். ஒவ்வொரு மரபணுவும் எவ்வளவு வேலை செய்கிறது என்று செல்களில் அளந்த எண்களை வைத்துக்கொண்டு, எந்த மரபணு எதை முடுக்குகிறது, எதை அடக்குகிறது என்று ஊகித்து ஒரு வலைப்பின்னல் வரைகிறாள்.

மனிதனிடம் புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. இரண்டிரண்டாக இணைத்தாலே 20 கோடி இணைகள் வரும். மடிக்கணினிக்கு மூச்சு முட்டும். ஆனால் 2010இல் வெளிவந்த ஜீனி3 போன்ற முறைகள் ஒவ்வொரு மரபணுவையும் தனிக் கேள்வியாக எடுத்துக்கொள்கின்றன: இதன் ஏற்ற இறக்கத்தை மற்ற எவற்றைக் கொண்டு கணிக்கலாம்? ஒன்றின் விடைக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் வெங்காயம் நறுக்குவது போல, எத்தனை பேர் வந்தாலும் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

நானும் ஒரு காலத்தில் ஓர் ஆய்வகத்தில் இதே வேலையைச் செய்தவன்தான். 20,000 மரபணுக்களையும் 20,000 தனி வேலைகளாகக் கிளஸ்டரின், அதாவது பலர் பகிர்ந்துகொள்ளும் கணினிக் கூட்டத்தின், காத்திருப்பு வரிசையில் தள்ளினேன். கணக்குக்குச் சில வினாடி போதும். மென்பொருள் கண்விழித்துத் தரவைப் படிக்கத்தான் அதைவிட நேரமானது. வரிசை அடைத்துக்கொண்டது, நிர்வாகியிடம் திட்டு வாங்கினேன். பிறகு நூறு நூறாகக் கட்டி 200 வேலைகளாக அனுப்பினேன். காலையில் படம் அழகாக வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துத்தான் எண்ணிப் பார்த்தேன்: வேலைக்கு ஒன்றாக 200 விடைக்கோப்புகள் இருக்க வேண்டும், 199 தான் இருந்தன. ஒரு கணினி நடுவில் நின்றுபோயிருந்தது. அதிலிருந்த நூறு மரபணுக்களை எதுவுமே கட்டுப்படுத்தவில்லை என்று படம் சொல்ல, நான் அதற்கு உயிரியல் காரணம் தேடிக்கொண்டிருந்தேன்!

நேர்காணலில் நான் இருந்தால் இதைத்தான் கேட்பேன்: விடுபட்ட கோப்பை எப்படிக் கண்டுபிடிப்பாய்? இரவு உணவின்போது நீங்களே கேட்டுப் பாருங்கள். தடுமாறாமல் சொன்னாள் என்றால் கவலையை விடுங்கள்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் மரபணுத்தொகுதிக் கழகமும் உயிர்த்தகவலியல் கழகமும் இருக்கின்றன. ஆனால் ஆய்வு உதவியாளர் பணிகள் பெரும்பாலும் நிதி இருக்கும் வரைக்குமான ஒப்பந்தங்கள். சொந்தமாக ஆய்வை நடத்த முனைவர் பட்டம் எதிர்பார்ப்பார்கள். லினக்ஸ் இயங்குதளம், பைத்தான் நிரல்மொழி, கிளஸ்டரில் வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளான பிபிஎஸ் அல்லது ஸ்லர்ம் ஆகியவை உயிரியலுக்கு வெளியிலும் சோறு போடும். அதனால் ஒரே கதவை நம்பி அவள் நிற்கவில்லை.

புள்ளியியலை மட்டும் கைவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு மரபணுக்கள் சேர்ந்தே ஏறி இறங்கினால் ஒன்று மற்றதை ஆட்டுவிக்கிறது என்று பொருளல்ல. மூன்றாவது ஒன்று இரண்டையும் ஆட்டுவிக்கலாம். ஆயிரம் கணினிகளைப் பூட்டினாலும் அந்தக் குழப்பம் தீராது. முதலில் ஈஸ்ட் தரவில் ஓட்டிப் பார்க்கட்டும்: சுமார் 6,000 மரபணுக்கள், அவற்றுக்கிடையே பல தொடர்புகள் சோதனைச்சாலையில் உறுதியானவை, ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். சுயவிவரத்தில் 'கிளஸ்டர் அனுபவம்' என்று மொட்டையாக எழுதாமல், ஒரு கணினியில் எத்தனை மணி நேரம், பிரித்த பின் எத்தனை, விடையை எப்படிச் சரிபார்த்தாள் என்று எழுதட்டும்.

இன்னொன்று அம்மா. வேலையை வரிசையில் போட்டபின் திரைமுன் விழித்திருக்கத் தேவையே இல்லை. முடிந்ததும் மின்னஞ்சல் அனுப்பச் சொல்லிவைக்கலாம். அவளைத் தூங்கச் சொல்லுங்கள்.