மைக்ரோவேவில் பொறி பறந்தால் என்ன, சூடே ஆகாவிட்டால் என்ன?

வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். மைக்ரோவேவ் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், கேள்விகள் மளமளவென்று வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, சாம்பார் சூடு பண்ணும்போது உள்ளே படபடவென்று பொறி பறந்தது. மேக்னட்ரான் போய்விட்டது, மூவாயிரம் ஆகும் என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடவா?

அவசரப்படாதீர்கள். மேக்னட்ரான் என்பது சூடாக்குகிற அலையை உண்டாக்கும் பாகம். பொறி பறக்கிறது என்று வரும் பெட்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது மைக்கா ஷீட். உள்ளே பெரும்பாலும் வலது பக்கச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய தகடு இருக்கும், அட்டை என்று நினைத்துக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பீர்கள். மேக்னட்ரானிலிருந்து அலை உள்ளே வரும் வழியை மூடியிருப்பது அதுதான். மூடி போடாமல் சூடு பண்ணும்போது தெறிக்கிற எண்ணெயும் குழம்பும் அதில் ஒட்டி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி, கடைசியில் அந்தக் கரியே பொறி விட ஆரம்பிக்கும், இன்னும் ஓட்டினால் ஓட்டையே விழுந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெறும் அழுக்கு என்றால் ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காய விட்டால் போதும். கருகியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஷீட் தனியாகவே கிடைக்கும், பழையதை மேலே வைத்து அளவு குறித்து கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம். நூறு இருநூறு ரூபாயில் முடிகிற வேலை இது. ஆனால் ஷீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள், குழம்பு நேரே மேக்னட்ரான் பக்கம் தெறித்து அந்த மூவாயிரம் நிஜமாகவே ஆகிவிடும்.

உள்சுவரில் பெயிண்ட் உரிந்து துருப்பிடித்த இடத்திலும் பொறி வரும். அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சார், நான் டிப்ளமோ எலக்ட்ரிகல். வீடியோ பார்த்து நானே கழற்றிப் பார்க்கலாமா?

தம்பி, மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எதை வேண்டுமானாலும் பிரித்துப் பழகுங்கள், இதை மட்டும் விட்டுவிடுங்கள். வெளிக்கூட்டுக்கு உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 2000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுகிறது, பக்கத்திலிருக்கும் கப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். அதை இறக்க ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், ஆனால் அது போயிருந்தால் வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. வீட்டில் கரண்ட் கசிந்தால் லைனை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று தைரியம் வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் கை பட்டால் அது டிரிப் ஆகாது. அடித்தால் ஆளே காலி.

கேள்வி: காலையில் நன்றாகச் சூடாகிறது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அதே இட்லி அதே இரண்டு நிமிடத்தில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. பெட்டியில் கோளாறா?

பெட்டியில் இல்லை அம்மா, கரண்டில். தெருவே ஏசியும் மோட்டாரும் போடுகிற நேரத்தில் வோல்டேஜ் 190, 180 என்று இறங்கினால் பெட்டி ஓடும், தட்டு சுற்றும், சூடு மட்டும் சரியாக வராது. ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஃபுல் பவரில் ஒரு நிமிடம் வைத்து, கலக்கிவிட்டு, முன்னும் பின்னும் வெப்பநிலை பாருங்கள். 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 700 வாட் வேலை செய்கிறது என்று அர்த்தம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். டிவிக்கு வாங்கிய ஸ்டெபிலைசரில் கொண்டுபோய் மாட்டாதீர்கள், புகைந்துவிடும். 800 வாட் என்று விற்கிற பெட்டிகூட லைனிலிருந்து 1200 வாட் போல இழுக்கும், அதனால் எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட்தான் சரி.

இரண்டு நேரமும் சுத்தமாகச் சூடே இல்லை, உறுமல் சத்தம் மட்டும் வருகிறது என்றால் அது மெக்கானிக் வேலை.

கேள்வி: எவர்சில்வர் டம்ளரில் பால் வைத்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லையே?

இந்தத் தடவை ஆகவில்லை. எவர்சில்வர் அலையைத் திருப்பி அனுப்பிவிடும், பாலும் மந்தமாகத்தான் சூடாகும், விளிம்பு சுவருக்குப் பக்கத்தில் வந்தால் பொறி பறக்கும். தங்கக் கரை போட்ட பீங்கான், அலுமினியப் பெட்டி இவையும் அப்படித்தான். மெலமைன் தட்டு பொறி விடாது, ஆனால் தானே சூடேறி விரிசல் விடும். ஒரு பாத்திரம் ஆகுமா ஆகாதா என்று சந்தேகமா? காலிப் பாத்திரத்தையும் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரையும் சேர்த்து வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகி, பாத்திரம் சூடாகாமல் இருந்தால் சரி. உலோகத்துக்கு இந்தச் சோதனையே வேண்டாம். கன்வெக்‌ஷனில் மட்டும் கேக் டின் வைக்கலாம், அங்கே வேலை செய்வது ஹீட்டர் காயில்.

கேள்வி: முட்டை வேக வைக்கலாமா? வெந்ததைச் சூடு பண்ணலாமா?

இரண்டும் வேண்டாம். உரித்த முட்டைகூட உள்ளே ஆவி கட்டிக்கொண்டு, சில சமயம் வாயில் வைத்துக் கடிக்கும்போது வெடிக்கும். தண்ணீரிலும் இப்படி ஒரு வில்லங்கம் உண்டு. வழவழப்பான கப்பில் தண்ணீர் கொதிக்காமலே கொதிநிலையைத் தாண்டிவிடும், அமைதியாகத்தான் இருக்கும், காபித்தூள் போட்ட நொடியில் பொங்கிக் கையில் தெறிக்கும். கப்பில் ஒரு மரக்குச்சி போட்டு வையுங்கள், நின்ற பிறகு அரை நிமிடம் விட்டு எடுங்கள்.

குழந்தைப் பாலை இதில் வைக்கவே வேண்டாம். வெளியே புட்டி வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஒரு இடத்தில் நாக்கு சுடுகிற அளவு கொதிக்கும். வெந்நீரில் புட்டியை நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: கதிர்வீச்சு வெளியே வருமாமே? உள்ளே செல்போனை வைத்தால் ரிங் வருகிறது.

ரிங் வருவதை வைத்துப் பயப்படத் தேவையில்லை, மிகமிகக் கொஞ்சம் சிக்னல் கிடைத்தாலே போன் பிடித்துக்கொள்ளும். பெட்டிக்குள் ஓடும் அலை 2450 மெகாஹெர்ட்ஸ், அதன் நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம், கதவு வலையின் பொடி ஓட்டை வழியாக வர அதற்கு வழியில்லை. பெட்டி நின்றதும் அலையும் நின்றுவிடும், சாப்பாட்டில் எதுவும் தங்காது. கதவு கோணியிருந்தாலோ, கண்ணாடி உடைந்திருந்தாலோ, கதவைத் திறந்த பிறகும் பெட்டி ஓடினாலோ உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், ‘இன்னும் ஒரே தடவை’ என்று ஓட்டாதீர்கள். கன்வெக்‌ஷன் முடிந்த பிறகு ஃபேன் சத்தம் மட்டும் வந்தால் அது குளிர்விக்கிற வேலை, பயமில்லை.

கேள்வி: கறிவேப்பிலை காய வைத்தபோது தீப்பிடித்துவிட்டது, கதவைத் திறந்ததும் குப்பென்று எரிந்தது.

திறந்ததுதான் தப்பு, காற்று கிடைத்தால் தீ எழும்பும். கதவை மூடியே வைத்துச் சுவர் சுவிட்சை அணையுங்கள், உள்ளேயே அடங்கிவிடும். ஈரமில்லாத பொருளை அரை அரை நிமிடமாக ஓட்டுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

கேள்வி: பட்டன் அழுத்தாமலே பீப் பீப் என்கிறது.

கரப்பான் பூச்சி. பட்டன் போர்டு கதகதப்பாக இருப்பதால் பின்னால் குடும்பம் நடத்தும். மெக்கானிக்கை விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், மேலே ஹிட் அடித்து உள்ளே இறக்காதீர்கள்.