இரண்டு வருடத்துக்கு துபாய்: மகளை ஐபி பள்ளியில் போடலாமா?

கேட்டது இது: மகள் 7ஆம் வகுப்பு முடிக்கிறாள், கணவருக்கு துபாயில் இரண்டு வருட ஒப்பந்தம், அங்கே ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) பள்ளியில் சேர்க்கலாமா, சிபிஎஸ்இயிலேயே விடலாமா?

சிபிஎஸ்இயிலேயே விடுங்கள். ஐபியைக் குறை சொல்வதற்காக இல்லை, அருமையான பாடத்திட்டம்தான். ஆனால் இரண்டு வருடத்தில் ஊர் திரும்பினால் மகள் 10ஆம் வகுப்பில் வந்து நிற்பாள். சிபிஎஸ்இயில் 9ஆம் வகுப்பிலேயே போர்டு தேர்வுக்குப் பதிவு செய்துவிடுவார்கள், 9ஐ சிபிஎஸ்இ பள்ளியில் முடித்த பிள்ளையைத்தான் பொதுவாக 10இல் எடுப்பார்கள். வேறு பாடத்திட்டத்தில் இருந்து அந்த நேரத்தில் உள்ளே வருவது பெரும்பாடு. ஒப்பந்தம் நீளும், 12 வரை அங்கேதான், பிறகு வெளிநாட்டில் கல்லூரி என்று உறுதியாகத் தெரிந்தால் ஐபியை யோசிக்கலாம். அப்போதும் ஃபீஸை கம்பெனி கட்டுகிறதா, வேலை மாறினால் உங்களால் கட்ட முடியுமா என்று பாருங்கள். ஐபி, பிரிட்டிஷ் பள்ளிகளின் ஃபீஸ் பெரும்பாலும் இந்தியப் பள்ளிகளைவிடப் பல மடங்கு.

சரி, எந்தப் பள்ளி? துபாயின் கல்வி ஆணையமான கேஎச்டிஏ தன் இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளியின் ஃபீஸையும் ஆய்வறிக்கையையும் போட்டிருக்கிறது. 'வெரி குட்', 'குட்' என்ற ஒற்றை வார்த்தையோடு நிறுத்தாமல், உங்கள் மகள் போகும் வகுப்புகளுக்கு கணக்கிலும் அறிவியலிலும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். அறிக்கையின் தேதியையும் பாருங்கள், பழையதாக இருக்கலாம், 2024-25இல் பெரும்பாலான பள்ளிகளுக்கு முழு ஆய்வு நடக்கவில்லை.

அதைவிட முக்கியம் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம். வாடகை குறைவு என்று நம்மவர்கள் பலர் பக்கத்து எமிரேட்டான ஷார்ஜாவில் குடியிருந்துகொண்டு பிள்ளையை துபாய் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். விடியற்காலையில் பில்டிங் வாசலில் நின்று பாருங்கள், டையும் ஷூவும் போட்ட சின்னப் பிள்ளைகள் பையைக் கட்டிக்கொண்டு பஸ் சீட்டில் தூங்கிக்கொண்டே போகும், எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு கேட்காது. கொஞ்சம் சிறிய வீடானாலும் பரவாயில்லை, பள்ளிக்குப் பக்கத்தில் எடுங்கள். இந்தியப் பள்ளிகள் நிறைய இருப்பது துபாயின் அல் குசைஸ் பக்கம். பஸ் ஃபீஸ் தனி, அதையும் கணக்கில் சேருங்கள்.

தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கிறாள் என்றால் முதல் போனிலேயே அதைக் கேளுங்கள். இந்தி, மலையாளம், பிரெஞ்சு சுலபமாகக் கிடைக்கும், தமிழ் எல்லாப் பள்ளியிலும் இருக்காது. அரபி எப்படியும் படித்தாக வேண்டும், அது கட்டாயம், புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பார்கள், பயப்பட வேண்டாம்.

அங்கே இந்தியப் பள்ளிகளுக்கு ஏப்ரலில்தான் வகுப்பு தொடங்கும், அதனால் இடம் இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். அப்புறம் டிசி. கல்வித்துறை, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டியிருக்கும், டிக்கெட் போடும் முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.