கலிஃபோர்னியாவின் குப்பர்டினோவுக்கு வந்திருக்கும் வயதான பெற்றோரைச் செலவில்லாமல் எங்கே அழைத்துச் செல்லலாம்? கோல்டன் கேட் பாலமெல்லாம் பார்த்தாகிவிட்டது.

பாலத்தைப் பார்த்தாகிவிட்டது என்றால் லிவர்மோர் கோயிலும் காஸ்ட்கோ கடையும்கூட முடிந்திருக்கும். சிக்கல் மூன்றாவது வாரத்தில்தான் தொடங்கும். அப்பா சோபாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பார். தெருவில் ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது. "இந்த ஊரில் மனிதர்களே இல்லையா கண்ணு?" என்று என் அப்பா கேட்ட மறுநாள்தான் நான் விழித்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ரான்சோ சான் அன்டோனியோ பூங்கா இருக்கிறது. ஃபுட்ஹில் புலவார்டிலிருந்து கிறிஸ்டோ ரே டிரைவில் திரும்பினால் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும். நுழைவுக் கட்டணம் இல்லை, வண்டி நிறுத்தவும் காசு இல்லை. முன்பகுதி சான்டா கிளாரா கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பூங்கா. அதையொட்டி ஏறக்குறைய 4,000 ஏக்கரில் மலையும் காடும். நடந்து போகும் தூரத்தில், ஆடு மாடு கோழியோடு இன்றும் இயங்கும் ஒரு பழைய பண்ணை. அதன் பெயர் டியர் ஹாலோ.

ஆனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். வண்டி நிறுத்துமிடத்தைப் பதினைந்து முறை சுற்றினோம். யாராவது சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தால் அவர் பின்னாலேயே காரை ஊர்ந்து ஓட்டினேன். அவர்கள் காரில் தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி மலை ஏறப் போய்விட்டார்கள். நாற்பது நிமிடம் கழித்து வீட்டுக்குத் திரும்பினோம். "நல்ல இடம், நிறையக் கார்" என்றார் அப்பா. வாரநாள் காலை போங்கள். விடுப்பு எடுக்க முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். திங்கட்கிழமை பண்ணை மூடியிருக்கும், பாதைகள் மட்டும்தான். மற்ற நாட்களின் நேரத்தை மவுண்டன் வியூ நகராட்சியின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், பண்ணையை நடத்துவது அவர்கள்தான்.

எங்கள் கதை இது. மனைவியின் பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து அக்டோபரில் வந்தார்கள். அப்பாவுக்கு அப்போது 71 வயது. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வைத்தவர், இன்னும் இரண்டு ஏக்கர் கைவசம் வைத்திருக்கிறார். பண்ணையைப் பார்த்ததும் மனிதர் உருகிப்போவார், கண் கலங்குவார், படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

நிறுத்துமிடத்திலிருந்து ஒரு சின்னப் பாலத்தைக் கடந்துதான் பாதை தொடங்குகிறது. பாலத்தின் கீழே ஓடுவது பெர்மனென்ட்டே ஓடை. ஸ்பானிய மொழியில் நிலையானது, வற்றாதது என்று பொருள். நாங்கள் போன அக்டோபரில் கூழாங்கல்தான் கிடந்தது. "இதுவா ஜீவநதி?" என்று அப்பா சிரித்தார். ஓடையை லேசாக நினைக்க வேண்டாம். ஹென்றி கைசர் என்ற தொழிலதிபர் 1939இல் மேலே இந்த ஓடையின் பள்ளத்தாக்கில் சிமென்ட் ஆலை தொடங்கி, ஷாஸ்டா அணைக்குச் சிமென்ட் அனுப்பினார். தம் தொழிலாளர்களுக்கென்று அவர் ஏற்படுத்திய மருத்துவத் திட்டம்தான் பிறகு கைசர் பெர்மனென்ட்டே என்ற மருத்துவ நிறுவனம் ஆனது. பெயரின் பின்பாதி இந்த ஓடையுடையது. என் மகள் பிறந்ததும் அந்த மருத்துவமனை ஒன்றில்தான். பிரசவத்துக்குப் பிறகு பில்லில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா "வாய்க்கால்காரன் ஆஸ்பத்திரி" என்றே சொன்னார்.

பாலத்திலிருந்து பண்ணை சுமார் ஒரு மைல். ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அம்மா மூட்டு வலிக்காரி, அவரே இரண்டு முறை நடந்து வந்துவிட்டார். குழந்தை வண்டியையும் தள்ளிக்கொண்டு போகலாம். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் ஆளுக்கு அம்மா பதறிப்போய் "யாரப்பா அவர், உன் ஆபீஸா?" என்றார். ஐந்தாவது ஆளிலிருந்து அம்மாவே முந்திக்கொண்டு கும்பிட ஆரம்பித்தார். பண்ணையைவிட அம்மாவுக்குப் பிடித்தது இதுதான் என்று நினைக்கிறேன். புல்வெளி ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் மலைகள் வைக்கோல் நிறத்தில் கிடக்கும். அப்பாவுக்கு அது ஏமாற்றம்தான். "கருகிப்போன காட்டைக் காட்டவா கூட்டி வந்தாய்?" இங்கே கோடையில் மழை கிடையாது, நவம்பரில்தான் பிடிக்கும் என்றேன். ஐப்பசி, கார்த்திகை என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "நம் ஊர் மழைதான் அப்படியானால்" என்று சமாதானமானார். உங்கள் பெற்றோர் ஜனவரிக்குப் பிறகும் இருப்பார்கள் என்றால் இன்னொரு முறை கட்டாயம் அழைத்துப் போங்கள். அதே மலை நாற்றங்கால் போலப் பச்சையாக நிற்கும்.

வழியில் ஓரிடத்தில் அழகான சிவப்பு இலைக்கொத்து ஒன்றைப் பறிக்க அப்பா கை நீட்டினார். நான் கத்திய கத்தலில் எதிரே வந்தவர் நின்றுவிட்டார். அது பாய்சன் ஓக். ஒரு காம்பில் மூன்று இலை, இலையுதிர் காலத்தில் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். தொட்டால் இரண்டு நாளில் தோல் கொப்பளிக்கும். இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நின்றாலும் அதே கதைதான். விஷச்செடி என்று சொன்னபோது அப்பா நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்துவிட்டு, மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் இதன் குடும்பம்தான் என்று சொன்னேன். சேராங்கொட்டை என்றதும் முகம் மாறிவிட்டது. சிறு வயதில் அந்தப் பால் பட்டு அவருடைய முழங்கையில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அதன் பிறகு பாதையின் நட்டநடுவில்தான் நடந்தார். உங்கள் பெற்றோருக்கும் சேராங்கொட்டை என்றே சொல்லிவிடுங்கள், நீளமான விளக்கம் தேவைப்படாது.

மலைச் சிங்கம் (பூமா) உண்டு என்று ஒரு பலகை இருக்கும். ஓடாதே, உடம்பைப் பெரிதாகக் காட்டு, குழந்தையைத் தூக்கிக்கொள் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். சத்தியமங்கலம் காட்டோரத்தில் யானைக்கு வெடி போட்டு இராக்காவல் இருந்தவருக்கு அதைப் படித்துக் காட்டியதில் எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. நாங்கள் பார்த்தது மான்கள், காட்டு வான்கோழிக் கூட்டம், மரப்பட்டையில் நூற்றுக்கணக்கில் துளை போட்டு ஒவ்வொரு துளைக்கும் ஒரு ஓக் கொட்டையைச் செருகி வைத்திருந்த மரங்கொத்தி. "குதிர் கட்டத் தெரிந்த பறவை" என்று அப்பா அந்த மரத்தடியில் நெடுநேரம் நின்றார்.

சரி, பண்ணை. இந்த மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் ஓலோனி மக்கள். மெக்சிகோ ஆட்சிக் காலத்தில், 1839இல், 4,400 ஏக்கருக்கு மேல் ஒரே சிப்பாய்க்கு எழுதிக் கொடுத்தார்கள். அவர் பெயர் ஹுவான் பிராடோ மெசா, ரான்சோ சான் அன்டோனியோ என்பது அந்த மானியத்தின் பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கிராண்ட் சகோதரர்கள் இதில் ஒரு பகுதியை வாங்கி மாடு வளர்த்தார்கள். அவர்கள் காலத்து மரக்குடில் ஒன்று இன்னும் நிற்கிறது. ஓலோனி மக்களின் குடியிருப்பு மாதிரி ஒன்றையும் அருகில் அமைத்திருக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்காக. ஓக் கொட்டையைக் கல்லுரலில் இடித்து, மாவில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கசப்பைக் கழுவிவிட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள் என்று சொன்னபோது அம்மா, "எத்தனை தண்ணீர் ஊற்றுவார்கள்?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியவில்லை.

அப்பா உருகவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வகுப்புப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். சேவல் கூவியதற்குக் கை தட்டினார்கள். "சேவலைப் பார்க்கவா இத்தனை கார்?" என்றார். பன்றியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்து, "உழைக்காத மாடு, குளம்பைப் பார்" என்று நகர்ந்துவிட்டார். கிராண்ட் சகோதரர்களின் குடிலுக்குக் கிடைத்த மதிப்பீடு "நம் மோட்டார் ரூம் அளவு".

பிறகு ஆட்டுப்பட்டிக்கு வந்தார். வேலியோரம் குந்தினார். எழுந்திருக்கவே இல்லை. அரைமணி நேரம் கழித்து நான் போய்ப் பக்கத்தில் நின்றபோது, ஆட்டைக்கூடப் பார்க்காமல் தரையைக் காட்டினார். "புழுக்கை உருண்டையாக, பளபளப்பாக இருக்கிறது பார். பசையாகவே இல்லை. மழைக்கு ஒதுங்கும் இடம் மேடாக இருக்கிறது. தீவனம் தரையில் சிந்தாமல் உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். தெரிந்தவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள்." அவர் வாயால் இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைக்காது. நான் ஐ.டி. வேலையில் சேர்ந்தபோதுகூடக் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். எங்கள் வீட்டு வாடகை அவருக்குத் தெரியும், பக்கத்துத் தெருவில் வீடு என்ன விலைக்குப் போனது என்பதும் தெரியும். "இத்தனை விலை போகிற மண்ணை எப்படிச் சும்மா விட்டு வைத்திருக்கிறார்கள்?" சும்மா விடவில்லை, ஓட்டுப் போட்டு விட்டு வைத்திருக்கிறார்கள் என்றேன். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஆப்ரிகாட், பிளம் தோட்டங்கள். ஒவ்வொன்றாக வீடும் அலுவலகமும் ஆகிக்கொண்டிருந்தபோது, 1972இல் மக்கள் வாக்களித்து, மலையோர நிலத்தைக் காப்பதற்கென்றே மிட்பெனின்சுலா ஓபன் ஸ்பேஸ் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். சொத்து வரியில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அதை வைத்து நிலத்தை வாங்கி, கட்டடம் எழுப்பாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. அந்த 4,000 ஏக்கர் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.

"வரி கட்டிச் சும்மா வைத்திருக்கிறார்களா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு காருக்கு வந்து சேரும்வரை பேசவில்லை. நான் மேற்படிப்புக்கு வந்த ஆண்டு விற்ற எங்கள் மேலவயலில் இப்போது மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல் நிற்கிறது. அவர் அதை நினைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பண்ணையைத் தாண்டி ரோக் வேலி பாதை ஓடையோரமாகவே போகும், நிழலும் உண்டு, சிரமம் இல்லை. வைல்ட்கேட் சுற்றுப்பாதையில் ஏற்றம் இருக்கிறது, நாற்பது வயது மூட்டுக்குச் சரி. மின் நிறுவனத்தின் பெயர் கொண்ட பி.ஜி. அண்ட் இ. பாதை மின்கம்பங்களின் கீழே வெயிலில் ஏறுகிறது. அதன் வழியாக 2,800 அடி பிளாக் மவுண்டன் உச்சிக்குப் போகிறவர்கள் பாதி நாளை ஒதுக்கிவிட்டு வருகிறார்கள். பெற்றோருடன் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். நாயை அழைத்துப் போக அனுமதி இல்லை. விலங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கக்கூடாது. அம்மா மடியில் கட்டிக்கொண்டு வந்த வாழைப்பழத்தை நாங்களே தின்றோம். கழிவறை நிறுத்துமிடத்தருகே இருக்கிறது, வயதானவர்களை முதலில் அங்கே போய்வரச் சொல்லுங்கள். ஒரு மைல் நடக்கவே முடியாது என்றால் சான் ஹோசேவில் எம்மா பிரஷ் பண்ணைப் பூங்கா சமதரையில் இருக்கிறது, அதுவும் இலவசம். ஃப்ரீமான்ட்டின் ஆர்டன்வுட் இன்னும் பெரியது, பழைய மாளிகையும் குட்டி ரயிலும் உண்டு, ஆனால் டிக்கெட் வாங்க வேண்டும்.

அதன் பிறகு மார்ச் வரை ஏழெட்டு முறை போயிருப்போம். வேறெங்கேயாவது போகலாமா என்று கேட்டால், "ஆட்டைப் பார்த்துவிட்டு வரலாம்" என்பார். கடைசி முறை, ஊருக்குக் கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளாட்டின் மடியையும் வால்பக்கத்தையும் வேலிக்கு வெளியிலிருந்து உற்றுப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு நாள். இரண்டு குட்டி" என்றார். பண்ணை ஊழியரிடம் சொல் என்று வற்புறுத்தினார். அந்தப் பெண்ணிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, தங்கள் கணக்கும் ஏறக்குறைய அதுதான் என்றார்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் வந்த முதல் போனில் பேத்தியைப் பற்றி விசாரித்தார். இரண்டாவது கேள்வி ஆடு. நான் போய்ப் பார்த்தபோது வைக்கோல் மேல் மூன்று குட்டிகள் படுத்திருந்தன. படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடம் பதில் இல்லை. பிறகு குரல் செய்தி வந்தது: "மூன்றாவது சவலை. தனியாகப் பால் கொடுக்கச் சொல்."