இன்ஜூரியா என்றால் காயம் அல்ல

மதிப்பிற்குரிய ஐயா,

நான் அரசு சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். லத்தீன் தொடர்களைத் தனி நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். இருந்தும் தேர்வில் ‘டேம்னம் சைனி இன்ஜூரியா’வும் ‘இன்ஜூரியா சைனி டேம்னோ’வும் இடம் மாறிவிடுகின்றன. உச்சரிப்பு பிழையாகிவிடுமோ என்று வகுப்பில் வாய் திறக்கவும் அச்சமாக இருக்கிறது. லத்தீன் இலக்கணம் படித்தால்தான் இது சரியாகுமா?

முதலாண்டு மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

இலக்கணம் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. ஆனால் தொடரைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் அறியாமல் மனப்பாடம் செய்வதை இன்றே நிறுத்திவிடுங்கள். நீங்கள் குறிப்பிட்ட இரண்டையுமே எடுத்துக்கொள்வோம். ‘டேம்னம்’ என்பது இழப்பு. ‘சைனி’ என்பது இன்றி. ‘இன்ஜூரியா’ என்றதும் ஆங்கிலத்தின் ‘இன்ஜுரி’ நினைவுக்கு வந்து காயம் என்று எண்ணிவிடுகிறோம். குழப்பம் தொடங்குவது அங்கேதான். அது எதிர்மறை முன்னொட்டான ‘இன்’னும், உரிமை, சட்டம் என்று பொருள்படும் ‘யூஸ்’ஸும் சேர்ந்து பிறந்த சொல், உரிமை மீறலைக் குறிப்பது. எனவே முதல் தொடர் உரிமை மீறல் இல்லாத இழப்பு. இரண்டாவது இழப்பு இல்லாத உரிமை மீறல். ‘டேம்னம்’ ஏன் ‘டேம்னோ’ ஆனது என்று கேட்டால், ‘மரம்’ உருபேற்கும்போது ‘மரத்து’ என்று திரிவதைப் போன்றதுதான் அதுவும்.

பொருள் தெளிந்த பிறகு ஒவ்வொன்றையும் ஒரு வழக்கோடு பிணைத்துவிடுங்கள். 1410-இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ஒருவர் புதிதாகப் பள்ளி தொடங்க, பழைய பள்ளி ஆசிரியர்கள் கட்டணத்தைக் குறைக்க நேர்ந்து வருமானம் இழந்தனர். இழப்பு உண்மையே ஆயினும் போட்டியில்லாமல் பள்ளி நடத்தும் உரிமை எவருக்கும் இல்லாததால் அவர்கள் வழக்கு தோற்றது. 1703-இன் ஆஷ்பி வழக்கு இதற்கு நேர்மாறானது: வாக்களிக்க விடாமல் தடுக்கப்பட்டவர் விரும்பிய வேட்பாளரே வென்றுவிட்டார், இழப்பு எதுவுமில்லை, ஆயினும் உரிமை மீறப்பட்டதற்காக அவருக்கு வழக்கு வெற்றியாயிற்று. நம் நாட்டில் இவ்வகைக்குப் பாடநூல்கள் காட்டுவது பீம் சிங் வழக்கு. ஜம்மு காஷ்மீர் சட்டமன்ற உறுப்பினரான அவர் அவைக்குச் செல்லவிடாமல் கைது செய்யப்பட்டதற்காக, 1985-இல் உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது.

அவருடைய மனைவி அந்த வழக்கைத் தொடுத்தது, காவலில் உள்ளவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஹேபியஸ் கார்பஸ் மனுவாகத்தான். ‘ஹேபியஸ்’ என்பது ஒரு வினைச்சொல் என்பதை எவரும் முதலாண்டில் சொல்லித் தருவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். காவலில் வைத்திருப்பவரை நோக்கி, ‘ஆளை உன்னுடன் கொண்டு வருவாயாக’ என்று நம் வியங்கோளை ஒத்த வடிவில் இடும் கட்டளை அது. ஆட்கொணர்வு மனு என்று தமிழில் பெயரிட்டவர் அந்த வினையைத் தவறவிடவில்லை. கடமையைச் செய்யுமாறு அதிகாரிகளைப் பணிக்கும் நீதிமன்ற ஆணையான ‘மேண்டமஸ்’ஸும் வினைமுற்றே: ‘ஆணையிடுகிறோம்’. பொதுப் பதவி வகிப்பவரின் உரிமையைக் கேட்கும் ஆணையான ‘கோ வாரண்டோ’ ஒரு கேள்வி: ‘எந்த அதிகாரத்தால்?’ இங்கிலாந்தில் மேண்டமஸ் என்ற பெயரை 2004-இல் எளிய ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். நம் அரசமைப்பின் 32-ஆம் உறுப்போ இந்தப் பெயர்களை அப்படியே தாங்கி நிற்பதால் நமக்கு இவற்றைத் தவிர்க்க வழியில்லை.

உச்சரிப்பைப் பற்றி அஞ்ச வேண்டாம். ரோமானியர் பேசிய ஒலியும் ஆங்கிலேய வழக்கறிஞர்கள் வழங்கிய ஒலியும் வேறு வேறு. உங்கள் ஆசிரியர் சொல்வதைப் பின்பற்றினால் போதும்.

அடுத்த வாரத்துக்கு ‘ரெஸ்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பொருள், விடயம் என்பது அதன் கருத்து. ‘ரெஸ் ஜூடிகாட்டா’, ‘ரெஸ் இப்ஸா லோக்விட்டூர்’, ‘ரெஸ் ஜெஸ்டே’ ஆகிய மூன்றிலும் அது எப்படி வருகிறது என்று உங்கள் சொந்தத் தமிழில் எழுதி அனுப்புங்கள்; படித்துப் பார்த்து மறுமொழி எழுதுகிறேன்.