பிராகில் மூன்று நாள்: கையில் இருக்கும் யூரோவை எங்கே மாற்றுவது?

கேள்வி: நானும் என் கணவரும் கோவையில் ஆசிரியர்கள். மகள் மியூனிக்கில் வேலை செய்கிறாள். ஜெர்மன் விசாவில் அவளிடம் போய் மூன்று வாரம் தங்கப் போகிறோம். எங்கள் 25-வது திருமண நாளுக்கு செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரைப் பார்க்க ஆசை. வெள்ளி மாலை ரயிலில் போய்ச் சேர்ந்து திங்கள் மாலை கிளம்புவோம். மகளுக்கு லீவு இல்லை, நாங்கள் இருவர் மட்டும்தான். கையில் 600 யூரோ ரொக்கம் இருக்கும். அங்கே யூரோ செல்லாது என்கிறாள் மகள். எல்லாக் கடையிலும் வாங்குவார்கள் என்கிறார் ஒரு நண்பர். "இங்கேயே செக் பணமான கொருனாவாக மாற்றித் தருகிறேன், செக் நாட்டுக்குத் தனி பெர்மிட்டும் எடுக்க வேண்டும்" என்கிறார் டிராவல் ஏஜென்ட். ஏமாறாமல் பணம் மாற்றுவது எப்படி?

பதில்:

முதலில் அந்த ஏஜென்ட்டை நிறுத்துங்கள், சகோதரி. செக் நாட்டுக்குத் தனி பெர்மிட் என்று ஒன்று கிடையாது. அது 2007 டிசம்பரிலிருந்தே ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில், இருக்கிறது. உங்கள் ஜெர்மன் ஷெங்கன் விசா செல்லுபடியாகும் நாட்களுக்குள் மியூனிக்கிலிருந்து பிராக் போய் வரலாம், அதற்கு யாருக்கும் ஒரு ரூபாய் தர வேண்டாம். இல்லாத பெர்மிட்டுக்குக் காசு கேட்கிற ஆள் கொருனாவுக்கு என்ன ரேட் போடுவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஃபாரெக்ஸ் (வெளிநாட்டுப் பணம் மாற்றும்) கவுன்ட்டர்களில் கொருனா அதிகம் புழங்காத பணம். புழங்காத பணத்துக்கு விற்கிறவர் வைத்ததுதான் விலை. நான் பல வருடம் அந்தக் கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்தவன், அங்கே இருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன். யூரோவாக ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டையும் அவர் விற்கப் பார்ப்பார். கொருனாவில் செலவு செய்யும்போது அந்தக் கார்டு யூரோவை மறுபடி மாற்றும், அதற்குத் தனியாக ஒரு பிடித்தம் உண்டு. வேண்டாம்.

மகள் சொல்வதும் சரி, நண்பர் சொல்வதும் பாதி சரி. செக் நாடு 2004-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது, ஆனால் பணம் இன்னும் கொருனாதான். சுற்றுலாப் பயணிகள் வரும் கடைகளிலும் சில சூப்பர் மார்க்கெட்டுகளிலும் யூரோ வாங்குவார்கள். ரேட் அவர்கள் வைத்தது, மீதியைக் கொருனாவாகத்தான் தருவார்கள். அவசரத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கலாம், மூன்று நாளையும் அப்படி ஓட்டினால் வாங்குகிற ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

இனி மணி எக்ஸ்சேஞ்ச் கடைகள். உங்கள் கவலை முழுவதும் இங்கேதான் இருக்க வேண்டும். ஒரு யூரோவுக்கு 24, 25 கொருனா அளவில் ரேட் ஓடுகிறது. செக் நேஷனல் பாங்க் (நம் ரிசர்வ் வங்கி மாதிரி) வேலை நாட்களில் பிற்பகல் 2.30-க்கு அன்றைய ரேட்டைத் தன் இணையதளத்தில் போடும். வெள்ளிக்கிழமை ரயிலில் உட்கார்ந்துகொண்டே அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல கடை என்றால் அதற்கு ஒன்றிரண்டு சதவீதம் கீழே கொடுப்பார்கள், அது நியாயம். ஆனால் ரயில் நிலையத்திலும் பழைய நகரப் பகுதியான ஓல்ட் டவுன் பக்கமும் சில கடைகள் 24 இருக்கும் இடத்தில் 19, 20 கொடுக்கத் தயங்குவதில்லை. 200 யூரோவுக்கு 4,800 வர வேண்டிய இடத்தில் 3,800 வந்தால், உங்கள் இருவருக்கும் ஒரு நல்ல இரவுச் சாப்பாட்டுக் காசு அங்கேயே போய்விட்டது.

எப்படி ஏமாற்றுகிறார்கள் என்றால், வாசலில் "ஜீரோ கமிஷன்" என்று பெரிதாக எழுதியிருக்கும். அது பொய்யும் இல்லை. கமிஷன் வாங்க மாட்டார்கள், ரேட்டிலேயே எடுத்துக்கொள்வார்கள். கண்ணில் படும் போர்டில் இருப்பது அவர்கள் யூரோவை விற்கும் ரேட்டாக இருக்கலாம், நீங்கள் கொடுக்கும் யூரோவை வாங்கும் ரேட் உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். அதனால் போர்டைப் படிக்கவே வேண்டாம். கவுன்ட்டரில் ஒரே கேள்வி: "200 யூரோ கொடுத்தால் என் கையில் எத்தனை கொருனா வரும்? எழுதிக் காட்டுங்கள்." எழுதிக் காட்டும்வரை நோட்டு உங்கள் பையை விட்டு வெளியே வரக் கூடாது. கண்ணாடிக்குக் கீழே தள்ளிவிட்ட பிறகு கேட்கிற கேள்விக்கு மதிப்பு இல்லை.

தெருவில் பக்கத்தில் வந்து "சேஞ்ச்? நல்ல ரேட்" என்று கேட்கிறவரிடம் நின்று பேசவே வேண்டாம். அவர் தருகிற கத்தையில் மேலே ஒரு கொருனா நோட்டும் உள்ளே வேறு ஏதோ நாட்டின் நோட்டுகளும் இருக்கும், சில சமயம் செல்லாத பழைய நோட்டுகள். நோட்டுகளை முன்பே தெரிந்துவைத்துக்கொண்டால் நல்லது: 100-ல் நான்காம் சார்லஸ் மன்னர், 200-ல் கொமெனியஸ் என்ற கல்வியாளர் (ஆசிரியர்களான உங்களுக்கு அது பிடிக்கும்), 500-ல் எழுத்தாளர் பொஷேனா நிம்சோவா, 1000-ல் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கி, 2000-ல் பாடகி எமா டெஸ்டின்னோவா. இதிலேயே 90-களில் அச்சடித்த பழைய வகை, மெல்லிய வெள்ளிக் கோடு உள்ளது, 2022 ஜூலையிலிருந்து கடைகளில் செல்லாது.

சரி, இவ்வளவும் சொல்லியும் அவசரத்தில் மோசமான கடையில் மாற்றிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு ஒரு வழி இருக்கிறது, வந்து போகிற பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2019 ஏப்ரல் முதல் அங்கே ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பணம் மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் அதே கடைக்குத் திரும்பிப் போய், காரணம் எதுவும் சொல்லாமல், மாற்றியதை ரத்து செய்யலாம். 1000 யூரோ மதிப்பு வரை இது பொருந்தும், உங்கள் 600 அதற்குள் அடங்கிவிடுகிறது. வாங்கிய கொருனாவைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் உங்கள் யூரோவைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இது வேலை செய்ய வேண்டுமென்றால் சில விஷயம் உங்கள் பக்கம் சரியாக இருக்க வேண்டும். ரசீது இல்லாமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். அதில் தேதியும் நேரமும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வாங்கிய கொருனாவை உடனே செலவு செய்யாதீர்கள், நாலு கடை தள்ளி நின்று, எழுதி வைத்த ரேட்டோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்ட பிறகு செலவைத் தொடங்குங்கள். மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம்தான், ஹோட்டலுக்குப் போய்க் குளித்துத் தூங்கி எழுந்து காலையில் போனால் நடக்காது. அவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆங்கிலம் புரியாதது போல இருப்பார்கள். ரசீதை நீட்டி "கேன்சல்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், இந்தக் கடைகளுக்கு லைசென்ஸ் கொடுத்து மேற்பார்வை செய்வது செக் நேஷனல் பாங்க், அங்கே புகார் செய்வேன் என்று சொல்லுங்கள். தெருவில் மாற்றினவருக்கு இந்தச் சட்டம் எதுவும் பயன்படாது, ரசீதும் இல்லை, ஆளும் இருக்க மாட்டார்.

எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் கோபமும் உண்டு. ரேட்டுக்கே ஓர் உச்சவரம்பு வைத்திருந்தால் முடிந்திருக்கும். அதை விட்டுவிட்டு, மொழி தெரியாத ஊருக்கு மூன்று நாள் வருகிறவர் தன் விடுமுறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

ஏடிஎம் விஷயத்திலும் இதே கதைதான். வங்கியின் பெயர் போட்ட ஏடிஎம்களில் மட்டும் எடுங்கள்: செஸ்கா ஸ்போரிடெல்னா, கொமெர்ச்னி பாங்கா, சிஎஸ்ஓபி போன்றவை. ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் வென்சஸ்லாஸ் சதுக்கம், அங்கே வங்கிக் கிளைகள் கிடைக்கும். பரிசுப் பொருள் கடை வாசலில் தனியாக நிற்கும் இயந்திரங்களைத் தொடாதீர்கள். எந்த இயந்திரமானாலும் கடைசியில் ஒரு திரை வரும்: "உங்கள் பணத்திலேயே, அதாவது ரூபாயிலேயே, கணக்கிட்டுக்கொள்ளலாமா?" பார்க்க உதவி மாதிரி இருக்கும், ரூபாயில் தொகை தெரிவதால் மனதுக்கும் நிம்மதியாக இருக்கும். அந்த ரேட்டில்தான் பெரிய வெட்டு. மாற்றம் வேண்டாம் என்ற பொத்தானை அழுத்துங்கள். அழுத்தினால் பணமே வராது என்று பயப்படாதீர்கள், பணம் வரும், மாற்றத்தை உங்கள் வங்கி செய்யும். கடையிலும் ஓட்டலிலும் கார்டு இயந்திரம் இதையே கேட்கும். எப்போதும் கொருனா.

நம் ஊர் கார்டு அங்கே வேலை செய்ய வேண்டுமென்றால் கிளம்பும் முன்பே வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கள் திறந்துவைக்க வேண்டும். 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி, கார்டு இந்தியாவுக்குள் மட்டும் திறந்த நிலையில்தான் வரும். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் கார்டு கொடுக்கும்போது இதை எடுத்துச் சொல்கிற வங்கி ஊழியரை நான் பார்த்தது குறைவு, கவுன்ட்டரில் கார்டு நிராகரிக்கப்பட்டு நிற்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. கடையில் தேய்ப்பது, தொட்டுச் செலுத்துவது, ஏடிஎம் மூன்றும் தனித்தனி பொத்தான்கள், மூன்றையும் திறங்கள். வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் அளவில் பிடித்து அதன் மேல் ஜிஎஸ்டியும் போடும் கார்டுகள்தான் அதிகம். அதற்குப் பயந்து இருபது சதவீதம் எடுக்கும் எக்ஸ்சேஞ்ச் கடையில் போய் விழாதீர்கள்.

உங்களுக்கு என்ன செய்யச் சொல்வேன் என்றால்: ஹோட்டலையும் ரயிலையும் மகள் தன் ஜெர்மன் கார்டில் முன்பே கட்டிவிடட்டும். 600-ல் 150 யூரோவை மட்டும் மேலே சொன்னபடி விசாரித்து மாற்றுங்கள், சுமார் 3,600 கொருனா வரும். பொதுக் கழிப்பறை, சின்னக் கடை, தேவாலயத்தில் மாலைக் கச்சேரி இப்படிப்பட்ட செலவுக்கு அது தாராளம். மற்றதெல்லாம் கார்டு. மீதி யூரோவை மியூனிக் கொண்டுபோய் அப்படியே செலவு செய்யலாம், கொருனாவாக மாற்றி மறுபடி யூரோவாக மாற்றினால் இரண்டு முறை நஷ்டம்.

டிராமுக்கும் மெட்ரோவுக்கும் 72 மணி நேர டிக்கெட் இருக்கிறது, வெள்ளி மாலை தொடங்கினால் திங்கள் மாலை வரை வரும், உங்களுக்கென்றே செய்தது போல. மெட்ரோ நிலைய இயந்திரத்தில் கார்டிலேயே வாங்கலாம். காகித டிக்கெட்டை முதல் பயணத்தில் மஞ்சள் பெட்டியில் ஒரே ஒரு முறை முத்திரை குத்துங்கள். குத்தாவிட்டாலும் அபராதம், இரண்டு முறை குத்தினாலும் டிக்கெட் செல்லாது. டிராமுக்குள் இருக்கும் இயந்திரத்தில் கார்டைத் தொட்டு வாங்கும் டிக்கெட்டுக்கு முத்திரை தேவையில்லை.

ஓல்ட் டவுன் சதுக்கத்தில் உணவுக் கடைகளின் போர்டில் இருக்கும் விலை பல சமயம் 100 கிராமுக்கு. அவர்கள் தட்டில் அள்ளிப் போட்டு எடை பார்க்கும்போது அது நாலு மடங்காகும். எத்தனை கிராம் என்று சொல்லி வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்தச் சதுக்கத்தில் சாப்பிடாமல் நாலு தெரு தள்ளிப் போங்கள். நீங்கள் சைவம் என்றால் ஸ்மஜெனி சீர் என்று கேளுங்கள், ரொட்டித்தூள் போட்டுப் பொரித்த சீஸ். அதில் முட்டை உண்டு.

அரண்மனைக்கு "வரிசையில் நிற்க வேண்டாம்" என்று கூடுதல் விலைக்கு டிக்கெட் விற்கும் இடைத்தரகர்களிடம் வாங்காதீர்கள். பிராக் அரண்மனையின் முற்றங்களில் நடக்கக் காசே இல்லை. உள்ளே பார்க்கும் டிக்கெட்டை அங்கேயே கவுன்ட்டரில் வாங்கினால் இரண்டு நாள் செல்லும், சனிக்கிழமை பாதி, ஞாயிற்றுக்கிழமை மீதி என்று நிதானமாகப் பார்க்கலாம். 1344-ல் தொடங்கி 1929-ல்தான் முடித்த செயின்ட் விட்டஸ் பேராலயத்தை ஒரு மணி நேரத்தில் ஓடிப் பார்ப்பது வீண். யூதர் பகுதியின் அருங்காட்சியகமும் பழைய கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமை மூடியிருக்கும், ஞாயிறு போங்கள்.

சார்லஸ் பாலத்துக்கு மட்டும் சூரியன் உதிக்கும் நேரத்தில் போங்கள், திருமண நாளுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. உங்கள் 100 கொருனா நோட்டில் இருக்கும் அதே நான்காம் சார்லஸ் 1357-ல் அடிக்கல் போட்ட பாலம், 516 மீட்டர் நீளம், இரு பக்கமும் சிலைகள், கீழே வல்தாவா நதி. பத்து மணிக்குப் போனால் சிலையைப் பார்க்கிற நேரத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். 1410-ல் செய்த வானியல் கடிகாரத்தின் முன்னாலும் அப்படித்தான். மணிக்கு ஒரு முறை அப்போஸ்தலர்களின் (இயேசுவின் சீடர்கள்) பொம்மைகள் ஜன்னலில் வரும்போது கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்க்கும், பிக்பாக்கெட்காரருக்கு அதுதான் நேரம். அரண்மனைக்கு ஏறும் 22-ம் எண் டிராமிலும் கவனம்.

பணத்தை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் பணப்பையில் வேண்டாம், சட்டைக்கு உள்ளே கட்டும் சின்னப் பையில் இருக்கட்டும். ஜெராக்ஸ் போதாது. ஷெங்கன் என்று சொன்னாலும் ஜெர்மனி இப்போது தன் எல்லையில் சோதனை வைத்திருக்கிறது. திங்கள் மாலை மியூனிக் திரும்பும் ரயிலில் போலீஸ் ஏறிக் கேட்டால் அசல் பாஸ்போர்ட்டையும் அதில் ஒட்டிய விசாவையும் காட்ட வேண்டும்.